கவராயம் பிடித்த இடது கை

கரமனை, திருவனந்தபுரம்
10 ஜூன் 2025

ஸ்ரீலட்சுமிக்கு,

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். தபாலை அப்படிச் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் மன்னிப்பு. வகுப்பு குரூப்பில் உன் அப்பாவை "இடிப்பு இன்ஜினியர்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. அதுவும் நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு நாகர்கோவிலுக்குப் போன அதே வாரத்தில். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வாசிப்புக் கூடத்தைப் பற்றி அவர் எழுதிய ரிப்போர்ட் தப்பு என்று சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

பள்ளி திறந்துவிட்டது. கூடத்தின் வாசலில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜஸ்ரீ டீச்சர் அசெம்பிளியில் ரிப்போர்ட்டைப் படித்தார். மேற்குச் சுவரில் தரைக்குள்ளிருந்து ஈரம் ஏறுகிறதாம், அதை நிறுத்த வழியில்லையாம், கட்டிடம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லையாம். ஓணம் லீவில் இடிக்கப் போகிறார்கள்.

லீவு முழுதும் நான் பப்ளிக் லைப்ரரியில் உட்கார்ந்து, இந்தக் கூடத்தைக் கட்டிக் கொடுத்த கம்பெனியைப் பற்றித் தேடினேன். ஹோல்ட் அண்ட் பிச்சைக்கனி. பாளையங்கோட்டையில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் அவர்கள் ஆபீஸ். ஹோல்ட் ரயில்வே வேலையை விட்டு வந்தவர், பிச்சைக்கனி படம் வரைபவர். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் பள்ளிக்கூடம், தாலுகா கச்சேரி, சந்தை மண்டபம் என்று நிறையக் கட்டியிருக்கிறார்கள். கட்டியிருக்கிறார்கள் என்றால் நேரில் வந்து அல்ல. மாட்டு வண்டிப் பயணம் அத்தனை கஷ்டமாம். படத்தை அனுப்பிவிடுவார்கள், அந்தந்த ஊர் மேஸ்திரி அதைப் பார்த்துக் கட்டுவார். நம் கூடம் 1891. யோசித்துப் பார், அதை வரைந்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

வாசல் வளைவின் உச்சிக் கல் உனக்கு ஞாபகம் இருக்கும். கவராயம் பிடித்த கை. கம்பெனியின் முத்திரை அது. இடது கை. ஆறாம் வகுப்பில் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு உன்னிடம்தான் சொன்னேன், இந்தக் கட்டிடம் என் கட்சி என்று. எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் நவராத்திரிச் சுண்டலுக்கு நான் இடது கையை நீட்டினால், "அந்தக் கை இல்லடீ குழந்தே" என்பார்கள். அந்தக் கல் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

உன் அப்பாவிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்வாயா?

பத்மப்ரியா

*

நாகர்கோவில்
19 ஜூன் 2025

பத்மப்ரியாவுக்கு,

கிழிக்கவில்லை. அம்மா கையெழுத்தைப் பார்த்து "அந்தப் பிள்ளையா?" என்று கேட்டாள். அதனால் வீம்புக்கே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் மெசேஜை அப்பா பார்த்தார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். புது வீட்டில் சாமான் பிரிக்காமல் கிடந்தது. என் போனில் பாட்டுப் போட வந்தவர் கண்ணில் அது பட்டுவிட்டது. தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்கிறாய். அந்தத் தோசையை யார் திரும்ப எடுப்பது?

அப்பா கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். உள்ளே மேற்குச் சுவர் முழுக்கப் பாசி. விரலால் தொட்டால் காரை உதிர்கிறது. நாளைக்கு அது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் விழுந்தால், "கட்டிடம் என் கட்சி" என்று அவர்கள் அம்மாவிடம் போய்ச் சொல்வாயா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். உன் ஹோல்ட் அண்ட் பிச்சைக்கனி கட்டிய கூடம் என் புதுப் பள்ளியிலும் இருக்கிறது. அதே ஓடு, அதே வளைவு, அதே 1891. முதல் நாள் வாசலில் நின்றபோது பழைய பள்ளிக்கே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. ஆனால் இது உங்களுடையது மாதிரி இல்லை. எலும்பு போலக் காய்ந்து கிடக்கிறது. இங்கேயும் மழை பெய்யத்தான் செய்கிறது. ஆக, உன் கம்பெனி ஒன்றை நன்றாகக் கட்டியது, இன்னொன்றைச் சொதப்பியது. அதற்கு எங்கப்பா என்ன செய்வார்?

அப்புறம், இங்கே உச்சிக் கல்லில் இருப்பது வலது கை.

ஸ்ரீலட்சுமி

*

கரமனை
27 ஜூன் 2025

ஸ்ரீலட்சுமிக்கு,

தோசையைப் பற்றிப் படித்ததும் அன்றைக்கு என்னாலும் சாப்பிட முடியவில்லை. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனால் கடைசி வரியை நீ வேண்டுமென்றே எழுதினாய். எங்கே குத்தினால் வலிக்கும் என்று உனக்குத் தெரியும், நான்தானே காட்டிக் கொடுத்தேன். வலது கை என்றால் வலது கைதான் என்று சும்மா எழுதிவிட்டால் ஆயிற்றா? ஒரு கம்பெனிக்கு முத்திரை ஒன்றுதான் இருக்கும். ஊருக்கு ஒரு கை வைப்பார்களா?

நீ சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சண்டை போடாமல் தீர்த்துக்கொள்வோம். நம் கூடத்தின் தரைப்படத்தை இத்துடன் வரைந்து அனுப்புகிறேன், கல்லில் உள்ள கையையும் சேர்த்து. அப்பாவின் பழைய விமானத் தபால் தாள்தான் கிடைத்தது. மெல்லியது, மடிக்கும்போது பார்த்து மடி. நம் வாசல் தெற்கே சாலையைப் பார்த்து இருக்கிறது. சாலையில் நின்று வாசலைப் பார்த்தால் வலது கைப் பக்கம், அதாவது கிழக்கே, தூண் வைத்த வராந்தா. இடது பக்கம், மேற்கே, வராந்தா கிடையாது, உயரமான ஜன்னல்கள் வரிசையாக. மாடிப்படி இடது மூலையில். கை, நான் சொன்ன கை.

இதை எடுத்துக்கொண்டு போய் உன் கூடத்தின் முன்னால் நின்று பார். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது. பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதே.

பத்மப்ரியா

பி.கு. மழை விடாமல் பெய்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் உள்ளே தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. ஒவ்வொரு இன்டர்வெல்லிலும் போய் நிற்கிறேன். வாட்ச்மேன் ஷாஜி சேட்டன் கேட் அருகே உட்கார்ந்தபடியே, "மோளே, நீ நோக்கி நிந்நால் மழை நிற்குமா?" என்று கேட்கிறார்.

*

நாகர்கோவில்
4 ஜூலை 2025

ப்ரியா,

நான் பொய் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. உட்கார்ந்து படி.

மத்தியானம் உன் படத்தோடு போய் வாசலில் நின்றேன். எங்கள் கூடமும் தெற்கே பார்த்துத்தான் இருக்கிறது. வராந்தா வலது பக்கம் என்கிறாய். இங்கே இடது பக்கம். ஜன்னல் வரிசை இடது பக்கம் என்கிறாய். இங்கே வலது பக்கம். மாடிப்படி வலது மூலையில். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. சவம், இவள் எதை வரைந்தாள், நம் பள்ளியைத்தானா என்று.

கூடத்துக்குள்ளே போய்க் கிழக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தாளைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்து, இன்னொரு தாளில் எங்கள் கூடத்தை வரையலாம் என்று பார்த்தேன். காற்றில் உன் தாள் பறந்து விழுந்தது. எடுத்து மறுபடி கண்ணாடியில் வைத்தபோது பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. வெளிச்சத்தில் கோடெல்லாம் தெரிந்தது. ப்ரியா, எங்கள் கூடம் அப்படியே இருந்தது. வராந்தா இடது பக்கம். ஜன்னல் வலது பக்கம். மாடிப்படி சரியான மூலையில். கல்லில் வலது கை.

எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பக்கத்தில் உட்காரும் அனுஷா, "ஏ பிள்ளே, ஜன்னல்ல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு என்ன செய்யுக?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்தில் மூலப் படத்தின் மேல் மெழுகு பூசிய மெல்லிய துணியை விரித்து, அதில் நகல் எடுத்து அனுப்புவார்கள் என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். துணியின் இரண்டு பக்கமும் கோடு தெரியும். கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்க மாட்டார்கள் என்று நீதானே எழுதினாய். ஒரே படம், இரண்டு ஊர். உங்கள் ஊர் மேஸ்திரி துணியைத் திருப்பி விரித்துவிட்டார்.

உங்களுடையதுதான் திரும்பியது என்று மழையே சொல்கிறது: ஜூன் மழை மேற்கேயிருந்துதான் வரும். எங்களுக்கு அந்தப் பக்கம் வராந்தா நின்று மழையை வாங்கிக்கொள்கிறது. உங்களுக்கு ஜன்னலும் வெறும் சுவரும் வாங்குகின்றன.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வீட்டில் திருவனந்தபுரம் பள்ளி என்று யாரும் பேச்செடுப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அதை நான் எடுத்து வைக்க வேண்டும்.

லெட்சுமி

*

கரமனை
15 ஜூலை 2025

லெட்சுமிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். சனிக்கிழமை, ஷாஜி சேட்டன் மட்டும் இருந்தார். நல்ல மழை. கிழக்கு வராந்தாவுக்குப் போனேன். அங்கே தரை தூசியாக இருந்தது. டீச்சர்களின் ஸ்கூட்டர்களை ஏன் எப்போதும் அங்கே நிறுத்துகிறார்கள் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. மேற்கே மழை ஜன்னல் கதவுகளை அறைந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறைந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். ஈரம் தரைக்குள்ளிருந்து ஏறுகிறது என்றால் எல்லாச் சுவரிலும் ஏற வேண்டும், இல்லையா? கிழக்குச் சுவரை உள்ளே யாரும் பார்க்க முடியாது, பெரிய புத்தக அலமாரிகள் மறைத்திருக்கின்றன. ஷாஜி சேட்டனைக் கெஞ்சினேன். "எனக்கு ஜோலி போகும் கேட்டோ" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். காலி அலமாரி ஒன்றை இரண்டு பேருமாகத் தள்ளினோம். சுவர் வெள்ளைவெளேர் என்று இருந்தது. கையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியது. ஈரமே இல்லை. உன் அப்பா பார்த்ததில் தப்பில்லை. அலமாரிக்குப் பின்னால் அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டும். ஆனால் வெளியே வந்து வளைவைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தக் கை என் கை இல்லை. யாரோ துணியைத் திருப்பிப் போட்டதால் வந்த பிழை. என்னைப் போல ஒருவருக்காக யாரோ யோசித்து அதைச் செதுக்கினார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரர்கள் சொன்னது சரி போலிருக்கிறது, அந்தக் கை இல்லடீ குழந்தே.

சரி. அழுதது போதும். திங்கள்கிழமை ராஜஸ்ரீ டீச்சரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். நம் கூடத்தை மறுபடியும், உன் கூடத்தை நீ எழுதியதை வைத்தும் நானே வரைந்தேன். டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். "மோளே, எனக்கு நம்பிக்கை வருது. ஆனா ஸ்கூல் மேனேஜர் தாணுமாலயன் சார்கிட்ட பத்தாம் கிளாஸ் பிள்ளைகளோட படத்தை வெச்சு ஒரு இன்ஜினியரோட ரிப்போர்ட்டை மாத்த முடியாது. அந்த இன்ஜினியர் மாத்தணும்" என்றார்.

ஆக, மற்றவர்கள் யார் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. உன் அப்பா சொல்ல வேண்டும். அவரிடம் நீ சொல்ல வேண்டும். அவரைக் கேலி செய்தவளுக்காக. இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்துதான் கேட்கிறேன். நீ முடியாது என்றால் நான் இன்னொரு வழி தேடுவேன், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேடுவதை நிறுத்த மாட்டேன்.

ப்ரியா

*

நாகர்கோவில்
21 ஜூலை 2025

ப்ரியாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன் தாளை அப்படியே பேப்பரின் மேல் வைத்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"இது யாரு வரைஞ்சது?"

"பத்மப்ரியா."

"இடிப்பு இன்ஜினியர்னு எழுதின பிள்ளையா?"

"அவதான்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கோடு நேரா போட்டிருக்கா" என்றார். நான் தாளைத் திருப்பி ஜன்னலில் பிடித்தேன். எல்லாம் சொன்னேன். அலமாரிக்குப் பின்னால் காய்ந்த சுவர் இருப்பதையும் சொன்னேன்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "வேணும்னே திருப்பிக் கட்டியிருக்கலாம்லா? அந்த இடத்துக்கு அதுதான் தோதா இருந்திருக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான். வராந்தா எந்தப் பக்கம் வேண்டும் என்பது கட்டச் சொன்னவர்களின் இஷ்டம்தானே.

அப்புறம் அவரே தாளை வாங்கினார். திருப்பினார், மறுபடி திருப்பினார். கை வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "வராந்தாவைத் திருப்பலாம். படியைத் திருப்பலாம். சொந்தக் கம்பெனி முத்திரையை எவனும் வேணும்னு திருப்ப மாட்டான்" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, உங்க பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்றார். வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போனோம். மேற்கு வராந்தாவில் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது வண்டியில், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "சுவரைப் பாத்தேன். மழை எங்க இருந்து வருதுன்னு பாக்கல."

சனிக்கிழமை அங்கே வருகிறார். ஆனால் இதையும் உன்னிடம் சொல்லச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு, இரக்கப்பட்டு நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன். சுவர் தாங்கும்னா தாங்கும்னு எழுதுவேன். தாங்காதுன்னா இடிக்கத்தான் சொல்லுவேன். அப்போ அவ என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கிடட்டும்."

ப்ரியா, உன் கையைப் பற்றி ஒன்று. அதைப் பிழை என்று எழுதியிருந்தாய். அந்தக் கை மட்டும் இல்லை என்றால் அப்பா தாளை மடித்து என்னிடமே கொடுத்திருப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லெட்சுமி

*

கரமனை
28 ஜூலை 2025

லெட்சுமிக்கு,

போனில் சொல்லிவிடலாம் என்று அம்மா போனை நீட்டினாள். எழுதித்தான் சொல்வேன் என்றேன். உன் அப்பாவும் வீட்டுக்கு வந்ததும் பாதிதான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

அவர் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "மாமா, அந்த மெசேஜ்..." என்று ஆரம்பித்தேன். "சுத்தியல் எங்க வச்சேன்?" என்று பையைத் துழாவினார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

காலையிலிருந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். எல்லா அலமாரிகளையும் நகர்த்தச் சொன்னார். மேற்குச் சுவரின் அடியில் குழி தோண்டிப் பார்த்தார். மண் வெளியே சொதசொதவென்று இருந்தது, சுவருக்கு நேர் கீழே அஸ்திவாரக் கல் கெட்டியாக இருந்தது. ஏணியில் ஏறி உத்தரங்களைக் குத்திப் பார்த்தார். மேற்கு ஓரத்து உத்தரங்கள் உளுத்துவிட்டன, அவற்றை மாற்றியே ஆக வேண்டும், அதுவரை பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்றார். பிறகு இறங்கி வந்து ராஜஸ்ரீ டீச்சரிடம், "சுவர் தாங்கும் டீச்சர். மேற்கே வராந்தா ஒண்ணு இறக்கணும், அவ்வளவுதான். முதல்லயே இருந்திருக்க வேண்டியது" என்றார்.

மத்தியானம் பள்ளிக் கமிட்டி கூடியது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். மாமா எழுந்து நின்று, முதல் ரிப்போர்ட்டில் ஈரத்தின் காரணத்தைத் தவறாக எழுதிவிட்டேன், திருத்தி எழுதித் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் குரூப்பில் எழுதியதற்கு இப்படி எல்லோர் முன்னாலும் நின்று எதுவும் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலமே குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். உன்னால் அதைப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன், குரூப்பிலிருந்து நீ போகவில்லை.

மேனேஜர் தாணுமாலயன் சார் ரொம்பக் கேள்வி கேட்டார். கடைசியில் இடிக்கும் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். ஓணம் லீவில் வராந்தா வேலை. எல்லோரும் எழுந்திருக்கும்போது சொன்னார், "வேலையோட வேலையா அந்த வாசல் கல்லையும் எடுத்துட்டு, சரியான வலது கையா ஒண்ணு செதுக்கி வெச்சிடலாம். தெரிஞ்ச பிறகும் தப்பை ஏன் வாசல்ல வெச்சுக்கணும்?"

நியாயம் போலத்தான் கேட்டது. நான் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன்.

"சார், அந்தக் கல்லை மாற்றிவிட்டால் படம் திரும்பின கதை ஒருத்தருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வந்து, மேற்கு வராந்தா எதற்கு, இடம்தான் வீண் என்று எடுத்துவிடுவார். மறுபடி சுவர் நனையும். மறுபடி கட்டிடத்தின் மேல்தான் பழி வரும்" என்றேன்.

தாணுமாலயன் சார் உன் அப்பாவைப் பார்த்தார். அவர் சொன்னார், "பிள்ள சொல்லது சரிதான் சார். நானே போட்டேன்லா அந்தப் பழியை."

சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். கல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார்.

அது என் கையில்லை என்று எழுதியிருந்தேன். இப்போதும் அது எனக்காகச் செதுக்கியது இல்லைதான். ஆனால் அந்தக் கல்லையும் என்னையும் வலது கையாக்கப் பார்த்தார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மறுபடி கட்சி சேர்ந்துவிட்டோம்.

கிளம்புவதற்கு முன் வராந்தாவுக்கு அளவு எடுக்க வேண்டும் என்று மாமா மேற்குப் பக்கம் போனார். மழை தூற ஆரம்பித்திருந்தது. டேப்பின் நுனியை என் பக்கம் நீட்டினார். நான் பழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டு, சட்டென்று மாற்றி வலது கையை நீட்டினேன்.

"எதுக்கு மாத்துக? எந்தக் கையானாலும் செரி மக்களே, ஆடாமப் பிடிக்கணும்" என்றார், உன்னைக் கூப்பிடும் அதே "மக்களே" போட்டு.

இடது கையால் வாங்கிக்கொண்டேன். அவர் பின்னோக்கி நடந்துகொண்டே போனார், சுவரின் கடைசி வரைக்கும். மழை வலுத்தது. அவர் "ம்" என்று சொல்லும் வரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ப்ரியா